நிழலைக் காட்டும் நிறம்



வீட்டுச் சுவரில் அலங்காரப் பலகை பதிப்பதும், அந்தப் பலகைக்கு நிறம் தேர்ந்தெடுப்பதும் இன்றைய பேச்சின் பொருள். ஒரு காலத்தில் பெரிய ஓட்டல்களின் வரவேற்பறையிலும் நகைக்கடையிலும் பார்த்த இந்த வேலை, இப்போது மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் நடுத்தரக் குடும்பத்து அடுக்குமாடி வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. எம்.டி.எஃப். பலகையில் சட்டம் கட்டுகிறார்கள். வெறும் சுவரில் பீடிங் என்னும் மெல்லிய பட்டையை ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். வரிவரியாகப் பள்ளம் விழுந்த பட்டைகளைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். ஆசாரி பல நாள் உட்கார்ந்து அளந்து, அறுத்து, இழைத்து முடிக்கிறார். அதன் பிறகு பெயின்ட் கடையில் நிற அட்டையை விரித்து, விரல் நுனி அளவுள்ள ஒரு கட்டத்தைத் தொட்டு, ஐந்து நிமிடத்தில் நிறத்தை முடிவு செய்துவிடுகிறோம். அத்தனை உழைப்பும் கண்ணுக்குத் தெரிவதா, மறைந்து போவதா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வெறும் சுவருக்கு நிறம் தேர்வதும் பலகைச் சுவருக்கு நிறம் தேர்வதும் வேறு வேறு கலைகள். வெறும் சுவர் சமதளம். அதில் நிறம் மட்டுமே பேசும். பலகைச் சுவரில் மேடும் பள்ளமும் உண்டு. அவற்றால் வெளிச்சமும் நிழலும் கோடு கோடாக விழுகின்றன. அந்தக் கோடுகளுக்காகத்தான் ஆசாரிக்குக் கூலி கொடுத்தோம். ஆகவே எந்த நிறம் அந்த நிழலைக் காட்டும், எந்த நிறம் விழுங்கும் என்று பார்ப்பது முதல் வேலை. நமக்குப் பிடித்த நிறமா என்பது அடுத்த கேள்வி.

வானொலியில் நிறத்தைக் காட்ட முடியாது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளத் தேவையானது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளின் தலைவாசல் கதவு பலகைக் கதவுதான். சுற்றிலும் சட்டம், நடுவே பள்ளமாகப் பலகை. காலை நேரத்தில் மின்விளக்கை அணைத்துவிட்டு, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அதைப் பாருங்கள். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் இடது சட்டத்தின் ஓரத்தில் கருங்கோடு ஒன்று விழுந்திருக்கும். வலது ஓரம் பளிச்சென்று இருக்கும். மாலையில் உத்தரத்து விளக்கைப் போட்டால் அந்தக் கோடுகள் இடம் மாறிவிடும். மேல் சட்டத்துக்குக் கீழே இருள் தங்கும். கீழ்ச் சட்டத்தின் மேல்விளிம்பு ஒளிரும். கதவு ஒன்றுதான், அதன் உருவம் பொழுதுக்கொன்று.

இப்போது நிறத்துக்கு வருவோம். தூய வெள்ளை அடித்த பலகையில் பள்ளத்தின் ஒரு பக்கத்தில் விழும் ஒளி எதிர்ப் பக்கத்துக்குத் தெறிக்கிறது. அந்த எதிரொளி நிழலை நிரப்பிவிடுகிறது. கோடு வெளிறிப் போகிறது. மிக அடர்ந்த நிறத்தில் நேர்மாறு. நிழல் நன்றாகவே விழுகிறது, ஆனால் சுற்றிலும் இருட்டாக இருப்பதால் இருட்டுக்குள் இருட்டைக் கண் பிரித்தறிவதில்லை. நிழல் தெளிவாக நிற்பது நடுத்தர நிறங்களில்தான். பல பெயின்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. கருமை 0, முழு வெண்மை 100. கடையில் வாங்கும் வெள்ளைகள் பெரும்பாலும் 80க்கு மேல் இருக்கும். நம் வீட்டுப் பலகைச் சுவருக்கு 35இலிருந்து 65க்குள் உள்ள நிறங்களைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். வேலைப்பாடு முழுதாகத் தெரிவது அந்த எல்லைக்குள்தான்.

பலகைக்கு நிறம் அடிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் பார்ப்போம். பலகைச் சுவரின் பிறப்பிடம் குளிர்நாடுகள். கல் சுவரும் செங்கல் சுவரும் சில்லிட்டுப் போகும் ஊர்களில், அறைக்குள் கதகதப்பைத் தக்கவைக்க மரப்பலகையால் சுவரை மூடினார்கள். ஓக் போன்ற விலையுயர்ந்த மரத்தைப் பெரும்பாலும் பெயின்ட் அடிக்காமலே விட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் மலிவான பைன் வகை மரங்கள் பரவலானபோது, அவற்றின் கணுவையும் கறையையும் மறைக்க ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளையும் நிறப்பொடியும் சேர்த்துப் பூசினார்கள். பலகைக்குப் பெயின்ட் அடிப்பது அப்படித்தான் ஒரு கலையாக வளர்ந்தது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகை இருக்கிறது. அதன் மேற்குக் கூடத்தின் மரப்பலகைச் சுவருக்கு 1780களில் புருஷ்ய நீலம் அடித்திருந்தார்கள். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட நிறப்பொடி அது. சிறிய உணவறைக்குச் செம்புக் களிம்பிலிருந்து எடுக்கும் அடர் பச்சை. ஆனால் இந்த நிறங்கள் நாளடைவில் மங்கக்கூடியவை. களிம்புப் பச்சை பழுப்பேறும்; எண்ணெயும் மஞ்சளித்து எல்லாவற்றையும் சோகையாக்கிவிடும். பழைய மாளிகைகளைப் புதுப்பித்தவர்கள் மங்கிப்போன அந்தச் சாயலையே அக்காலத்து ரசனை என்று நம்பி, அதையே நகல் எடுத்து வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயின்ட் அடுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான், மவுண்ட் வெர்னன் அறைகள் எவ்வளவு துணிச்சலான நிறத்தில் இருந்தன என்று தெரிந்தது.

அந்தக் கதை அந்த நாட்டோடு முடிந்துவிடவில்லை. சாம்பல் கலந்த மங்கல் நிறம்தான் கௌரவம், அடர்ந்த நிறம் நாகரிகக் குறைவு என்ற எண்ணம் இன்றைக்கும் பத்திரிகைப் படங்கள் வழியாக நம் வீடுகளுக்குள் வருகிறது. அந்த எண்ணத்தை வைத்து யாரும் தங்கள் விருப்பத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலம் வெளுத்த நிறத்தைப் பார்த்துவிட்டு, முன்னோர் தேர்ந்தெடுத்த நிறமே அதுதான் என்று எண்ணிக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு.

இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். ஸ்வீடன் நாட்டில் ஃபாலுன் நகரத்துக்கு அருகே சுண்ட்போர்ன் என்ற கிராமம். ஓவியர் கார்ல் லார்ஷொனும் அவர் மனைவி கரினும் வாழ்ந்த மரவீடு அங்கே இருக்கிறது. 1888இல் கரினின் தந்தை கொடுத்த சிறு வீடு அது. கணவனும் மனைவியும் ஆண்டுக்கணக்காக அதை விரிவாக்கி, பலகைகளுக்குத் தாங்களே நிறம் கொடுத்தார்கள். கரின் நெசவிலும் தையலிலும் தேர்ந்தவர். திரைகளும் மேசை விரிப்புகளும் அவர் கைவேலை. அந்த வீட்டு உணவறையின் பலகைகள் சிவப்பும் பச்சையும். வரவேற்பறையோ வெளிர் நிறங்களும் வெள்ளை மரச்சாமான்களும் நீலக்கோடு போட்ட துணிகளுமாக இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அந்த ஊரில் பகல் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் உணவறை பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில் புழங்கும் அறை. அங்கே சிவப்பு கதகதப்பைத் தருகிறது. பகல் வெளிச்சத்தைத் தேக்கி வைக்க வேண்டிய அறையில் வெளிர் நிறம் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு ஒரே நிறம் என்ற கட்டாயம் அங்கே இல்லை. எந்த அறையில் எந்த நேரத்தில் மனிதர்கள் கூடுகிறார்கள் என்பதை ஒட்டி நிறம் அமைந்திருக்கிறது. அந்த வீட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். அவர்களுடைய சிவப்பையும் பச்சையையும் அப்படியே எடுத்துவந்தால் நமக்குப் பொருந்தாது, ஏனென்றால் நம் வெளிச்சம் வேறு.

நம் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வடக்குப் பார்த்த அறையில் வெயில் வராது, வெளிச்சம் நீலம் பாய்ந்து குளிர்ந்திருக்கும், ஆகவே மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறங்களை அடியுங்கள் என்று ஐரோப்பிய நூல்கள் சொல்லும். அங்கே அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரியில் அந்தக் காலம் இன்னும் நீளம். ஆக, ஆண்டின் கணிசமான பகுதி நம் வடக்குச் சன்னலுக்கும் வெயில் உண்டு. அதுமட்டுமல்ல. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு நேர்வெயிலைத் தடுத்துவிடும். அறைக்குள் வருவது வாசல் தரையிலும் எதிர்வீட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒளி. எதிர்வீட்டுக்காரர் பச்சை அடித்திருந்தால் உங்கள் வெளிர்ப் பலகையிலும் மெல்லிய பச்சை ஏறும். மஞ்சள் பட்டுக் கட்டிய பெண்ணின் கன்னத்தில் மஞ்சள் ஒளி படிவது போலத்தான் இது. வீட்டுக்குள் சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் பலகையின் கீழ்ப்பகுதி செம்மை கொள்ளும். ஆகவே திசையைக் கேட்டு நிறம் சொல்கிறவரை நம்பாதீர்கள். சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, தரை என்ன நிறம் என்று கேட்கிறவரை நம்புங்கள்.

எந்தச் சுவர் என்பதும் முக்கியம். சன்னலுக்குப் பக்கச் சுவரில் ஒளி சாய்வாக உரசிச் செல்கிறது. பலகை வேலை மிக அழகாகத் தெரிவது அங்கேதான். சன்னலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் ஒளி நேருக்கு நேர் விழுவதால் நிழல் குன்றிவிடும். சன்னல் இருக்கும் சுவரோ எதிர் வெளிச்சத்தில் இருண்டு கிடக்கும். ஒரே டப்பாவிலிருந்து ஒரே நாளில் அடித்த நிறம் இந்த மூன்று சுவர்களிலும் மூன்று விதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பெயின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வரிப்பள்ளப் பட்டைகளுக்கு இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மேலிருந்து கீழாக ஓடும் பள்ளங்களை உத்தரத்து விளக்கு காட்டாது. ஒளியும் பள்ளமும் ஒரே திசையில் போகின்றன. பக்கவாட்டில் வரும் ஒளிதான் அவற்றை எழுப்பும். படுக்கையாகப் போகும் பீடிங்கை மேல்விளக்கு நன்றாக எழுப்பும். இரவில் மட்டுமே உட்காரும் அறையில், மேலே மட்டும் விளக்கு வைத்துவிட்டு நெடுக்குப் பட்டை பதிப்பவர்கள், என்ன நிறம் அடித்தாலும் மனநிறைவு பெறுவதில்லை. அங்கே மாற்ற வேண்டியது விளக்கின் இடத்தை.

விளக்கின் நிறமும் அப்படித்தான். நம் வீடுகளில் வழக்கமான வெள்ளை டியூப்லைட் வெளிச்சம் 6500 கெல்வின். நீலச் சாயல் கொண்டது. மஞ்சளான எல்.இ.டி. விளக்கு 3000 கெல்வின். பகலில் இதமாகத் தெரிந்த பச்சை கலந்த சாம்பல், மஞ்சள் விளக்கில் சேற்று நிறமாகலாம். சந்தன நிறம் வெள்ளை டியூப்லைட்டில் உயிரற்றுப் போகலாம். விளக்கை முடிவு செய்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்து, ஒரு நிறமா இரண்டு நிறமா என்ற கேள்வி. பீடிங்கை மட்டும் வேறு நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையிலோ தங்க நிறத்திலோ எடுத்துக் காட்டும் ஆசை பலருக்கு உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் காவி கலந்த மஞ்சள் சுவரில் வெள்ளைப் பட்டைகள் கட்டம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகு. ஆனால் அது வெளிச்சுவர். தெருவின் மறுபக்கத்திலிருந்து, கொளுத்தும் வெயிலில், தூரத்துக் கண்ணுக்குத் தெரிய வேண்டிய கோடு. பத்தடி அகலக் கூடத்தில் அதே வேலையைச் செய்தால் சுவர் முழுக்கக் கோடுகள் நம்மைச் சூழ்ந்துகொள்ளும். நிழல் பொழுதுக்குப் பொழுது மாறும். பெயின்டால் போட்ட கோடு காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி நிற்கும். வீட்டுக்குள் சட்டம், பலகை, பீடிங் அனைத்துக்கும் ஒரே நிறம் அடித்து, கோடு போடும் வேலையை வெளிச்சத்திடம் விட்டுவிடுவதே சிறந்தது என்பது என் துணிபு. இரண்டு நிறம் வேண்டுமென்றால் இடுப்புயரம் வரை பலகைக்கு ஒன்று, மேலே வெறும் சுவருக்கு ஒன்று என்று பிரியுங்கள்.

இரண்டு நிறம் அருகருகே வரும்போது ஒன்றையொன்று மாற்றும். பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவாலையில் 1824இல் சாயப்பிரிவின் பொறுப்பேற்ற வேதியியல் அறிஞர் மிஷெல் ஷெவ்ரூல் இதை ஆராய்ந்தார். கருப்பு நூல் போதிய கருப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் ஓடும் நிறங்கள்தான் கருப்பை வெளிறச் செய்கின்றன என்று அவர் கண்டார். 1839இல் அதை நூலாகவும் வெளியிட்டார். இதை வீட்டிலேயே காணலாம். சாம்பல் நிறப் பலகையைச் சிவப்பு ஆக்சைடு தரைமேல் வையுங்கள், இளம்பச்சை சாயும். அதையே வெளிர் மஞ்சள் டைல்ஸ்மேல் வைத்தால் நீலம் சாயும்.

பளபளப்பையும் பார்க்க வேண்டும். மேட் பூச்சில் நிழல் மென்மையாக இருக்கும், ஆனால் கைபடும் உயரத்தில் அழுக்கு ஒட்டும். முழுப் பளபளப்பு, சுவரின் ஒவ்வொரு குறையையும் எடுத்துக் காட்டும். நம் தூசிக்கும் வியர்வைக்கும் துடைத்தெடுக்கக்கூடிய சாட்டின் பூச்சு நடுவழி. அடர்ந்த நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கும் சாட்டின்தான் துணை. அடர் நீலத்திலும் கரும்பச்சையிலும் நிழல் மறைந்தாலும், பீடிங்கின் விளிம்பில் விழும் மினுக்கம் வடிவத்தைக் காப்பாற்றிவிடும். அடர் நிறத்துக்கு மேட் அடித்தால் இரண்டும் போய்விடும்.

வேலைச் சுத்தம் இல்லாமல் எந்த நிறமும் நிற்காது. எம்.டி.எஃப். பலகையின் அறுத்த ஓரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். பெயின்டையும் உறிஞ்சிச் சொரசொரவென்று நிற்கும். அந்த ஓரங்களை முதலில் அடைத்து, பிரைமர் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே நிறம். பீடிங்கும் சுவரும் சேரும் இடுக்கைப் பட்டி வைத்து அடைக்க வேண்டும். அடைக்காத இடுக்கு கருங்கோடாகத் தெரிந்து, நிழலோடு போட்டி போடும். பழைய வீட்டுக் கதவையோ பலகையையோ புதுப்பிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்தபடி தேய்த்துப் பொடி கிளப்பாதீர்கள், நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி, எந்தெந்த நிறம் என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் நம் வெளிச்சத்துக்கு ஈடுகொடுப்பவை சற்று மண் கலந்த நிறங்கள். பழுத்த வேப்பிலைப் பச்சை, சாம்பல் கலந்த நீலம், காவியை வெளிறச் செய்த இளஞ்செம்மண் நிறம், சந்தனத்தைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு. இவை நண்பகல் வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்காது. பீடிங் மேல் படியும் தூசியை உடனே காட்டிக்கொடுக்காது. வெள்ளைதான் வேண்டும் என்றால், கொஞ்சம் சாம்பலோ பழுப்போ கலந்த வெள்ளையை எடுங்கள். பீடிங் சற்று ஆழமாக இருக்கட்டும். வெளிச்சம் குறைந்த இருட்டறையை வெள்ளை அடித்து மீட்க முடியும் என்று நினைப்பது வீண். எதிரொளிக்க ஒளியே இல்லாத இடத்தில் வெள்ளை அழுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். அந்த அறைக்கு அடர்ந்த நிறமும் நல்ல விளக்கும் கொடுங்கள், அதற்கென்று ஒரு குணம் பிறக்கும்.

கடைசியாக, சோதிக்கும் முறை. நிற அட்டையை நம்ப வேண்டாம். நான்கு சுவர்களிலும் விரியும்போது நிறம் தன்னைத்தானே எதிரொளித்து அட்டையில் தெரிந்ததைவிட அடர்ந்து தெரியும். கடையில் சிறு டப்பா வாங்குங்கள். ஆசாரியிடம் இரண்டடிக்கு இரண்டடி பலகைத் துண்டு கேட்டு, உங்கள் சுவருக்கு வரப்போகும் அதே பீடிங்கை அதில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு கோட் அடியுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் அகலம் வெள்ளை விட்டுவிடுங்கள். பழைய சுவர் நிறம் கண்ணை ஏமாற்றாமல் இருக்கும். அந்தத் துண்டைச் சுவரோடு செங்குத்தாக நிறுத்துங்கள். தரையில் படுக்கவைத்துப் பார்த்தால் ஒளி மாறிவிடும். காலை, நண்பகல், மாலை, விளக்கு வைத்த பின் என்று நான்கு பொழுது பாருங்கள். அந்த அறையில் நீங்கள் அதிகம் இருக்கும் நேரத்தின் தீர்ப்புக்கு மற்ற மூன்றைவிட மதிப்புக் கொடுங்கள். நிழல்கோடு அந்த நேரத்தில் தெளிவாக நின்றால் அதுதான் உங்கள் நிறம்.

இந்தக் கலைக்குப் பெரும் செல்வம் தேவையில்லை. பலகை பதித்த செலவோடு ஒப்பிட்டால் நிறத்துக்கு ஆகும் செலவு சிறிது, விருப்பம் மாறினால் திரும்ப அடிக்கவும் முடியும். தேவைப்படுவது பார்வை. அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் ஒரு நாள் முழுக்கத் தன் சுவரைக் கூர்ந்து பார்த்த எவருக்கும் அது கைகூடும். ஆசாரியின் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை அந்த ஒரு நாள்தான். பெயின்டரை வரச்சொல்லும் தேதியை அதற்காக ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.